முட்டுக்கல்

"ஏலே தளவாய், ஸ்டவ்வ அங்கன வைக்காத. தண்ணி டிரம்முக்குப் பின்னால வை. அவிய வச்ச எடத்துலயே இருக்கட்டும்" என்றாள் வடிவம்மாள்.

தளவாய் மறுபேச்சில்லாமல் ஸ்டவ்வை எடுத்து அம்மா சொன்ன இடத்தில் வைத்தான். ஐந்தருவிச் சாலையோரம் சாரலில் நனைந்துகொண்டு நின்றது அவர்களுடைய பழைய மேட்டடார் வேன். கிளம்புகிற நேரம் பார்த்து முன்சக்கரம் பஞ்சர்.

சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கிக் கால் தேய்வார்கள். இந்தக் குடும்பத்துக்கு அந்தக் கவலை இல்லை. வேன்தான் வீடு. மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிக்கேன் விளக்கு, தார்ப்பாய், கோரைப்பாய், ஈரத்துணி காயப்போட நைலான் கயிறு, கரண்டி மாட்ட வரிசையாக ஆணி. வண்டி எப்படிக் குலுங்கினாலும் ஒரு டம்ளர் உருளாது.

பஞ்சர் ஒட்ட வந்த கிதிர் முகம்மதுவுக்குக் கை ஓடினால் வாயும் கூடவே ஓட வேண்டும். வண்டி நகராமல் இருக்க, ஓடைக்கரையில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அப்படியே வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க வீட்டு அடுக்களைகூட இம்புட்டு ஒழுங்கா இருக்காது ஆச்சி! ஜாக்கி எங்கன இருக்கு?"

தளவாய் சீட்டுக்கு அடியில் துழாவினான். கிடைக்கவில்லை. வடிவம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"பின்கதவுக்கு இடதுபக்கம், சாக்குக்குள்ள. ஸ்பேனரும் அதுலதான் கிடக்கும்."

"வீட்டுக்காரரு மிலிட்டரியோ?"

"ஆமா. டிரைவரு."

"அதான பாத்தேன்!" கிதிர் முகம்மது அவள் கழுத்துத் தாலியையும் நெற்றிக் குங்குமத்தையும் பார்த்தார். மீதிக் கதையை அவரே சொல்லி முடித்துவிட்டார். "மகனையும் மருமகளையும் கூட்டிக்கிட்டு நீ போய்க் குளிச்சிட்டு வான்னு உங்கள அனுப்பிட்டு, அவரு வயக்காட்டுல தண்ணி பாய்ச்சிக்கிட்டு நிக்காரு. சரிதான?"

வடிவம்மாள் பாயைச் சுருட்டினாள். ஓரம் சேரவில்லை என்று பிரித்துத் திரும்பவும் சுருட்டினாள். அவள் முகத்தில் அலுப்பும் இல்லை, அவசரமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

மருமகள் உலகம்மாள் ஒரு மிலிட்டரிக் கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"அத்தே, இத இங்கனயே விட்டுட்டுப் போயிருவமா?"

"வேண்டாம். மடிச்சு உள்ள வை."

ஜாக்கி ஏறியது. சக்கரம் கழன்றது. தளவாயின் மொட்டைத் தலையில் சாரல் முத்து முத்தாக நின்றது. அதுவும் கிதிர் முகம்மதுவின் கண்ணுக்குத் தப்பவில்லை.

"பண்பொழியில முடி எறக்குனியளோ? மலையேறிப் போய் மொட்டை போட்டா நெனச்சது நடக்கும்னு சொல்லுவாங்க."

தளவாய் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். "கொஞ்சம் வெரசா முடிங்க பாய். உச்சிக்குள்ள பாபநாசம் போயாகணும். அங்கன ஒருத்தர வரச் சொல்லியிருக்கு."

"பாபநாசத்து அருவி எங்க ஓடிறப் போவுது? குத்தாலத்துல குளிச்சா அடுத்து பாபநாசத்துல ஒரு குளி. சீசனுக்கு வாரவங்க எல்லாரும் போற வழிதான? கடையம் வழியா விடுங்க, ரோடு நல்லா இருக்கு."

பேசிக்கொண்டே டியூபை ஒட்டி, காற்றடித்து, சக்கரத்தையும் மாட்டிவிட்டார். வாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குக் கைச்சுத்தமும் உண்டு. ஜாக்கி பழையபடி சாக்குக்குள் போயிற்று.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு வடிவம்மாள் ஒரு சின்ன மண்கலயத்தோடு முன்சீட்டில் ஏறினாள். கலயத்தின் வாயைப் புதுத்துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அதை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"மலைத்தேனா ஆச்சி? மடியில வச்சா குலுக்கலுக்குச் சிந்திரும். அரிசி டின்னுக்குப் பக்கத்துல நெருக்கி வைங்க."

"இல்ல தம்பி. மடியிலயே இருக்கட்டும்."

எல்லாச் சாமானுக்கும் ஓர் இடம் இருந்த அந்த வேனில், அதற்கு மட்டும் இடம் இல்லை.

தளவாய் ஸ்டியரிங்கைப் பிடித்தான். உலகம்மாள் மாமியார் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். முட்டுக்கல்லை உருவி எடுத்த கிதிர் முகம்மது மூன்று தலைகளையும் பார்த்துவிட்டு, "ஐயையே!" என்றார்.

"என்ன பாய்?" என்றான் தளவாய்.

"மூணு பேராவா கிளம்புதீங்க? வண்டி ஓட்டுத வீட்டுல இது தெரியாதா? மூணு பேரா ஒரு காரியத்துக்குப் போகக் கூடாதுல்லா! கூட ஒரு கல்ல எடுத்துப் போட்டு, நாலுன்னு கணக்குக் காட்டணும்."

கையிலிருந்த கல்லைத் தன் கைலியில் துடைத்தார். கதவைத் திறந்து வடிவம்மாள் காலடியில் பதமாக வைத்தார். உபகாரம் செய்த திருப்தி அவர் முகமெல்லாம் இருந்தது.

"இதுதான் உங்களுக்கு நாலாவது ஆளு. துணைக்கு வரட்டும்."

வடிவம்மாள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். தளவாய் இன்ஜினைக் கிளப்பாமல் ரோட்டைப் பார்த்தான். உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

ஒரு கையால் கலயத்தை அணைத்தபடி குனிந்து, மறு கையால் கல்லை எடுத்து கிதிர் முகம்மதுவிடமே நீட்டினாள் வடிவம்மாள்.

"போகும்போது நாங்க நாலு பேருதான் தம்பி. கல்லு திரும்பி வரும்போதுதான் வேணும்."