பச்சைப் புள்ளி

அம்புக்குறி தானாக நகர்ந்தது. மவுசைத் தொட ஆளில்லை. ஆனாலும் திரையில் அது இங்கும் அங்கும் போய்ப் போய் வந்தது. அரவிந்த்குமார் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி அதைப் பார்த்துச் சிரித்தான்.

கீரமங்கலத்தில் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை. கம்பெனி விற்கிற மிக்ஸி, கிரைண்டர் பற்றி வருகிற புகார்களுக்குக் கம்ப்யூட்டரில் பதில் போட வேண்டும். அம்புக்குறி அசையாமல் கிடந்தால், மேலதிகாரி சுடர்விழியின் திரையில் அவன் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைப் புள்ளி சிவப்பாகிவிடும். ஏற்கெனவே ஒரு தடவை சிவந்து எச்சரிக்கை வாங்கியவன். இன்னொரு தடவை சிவந்தால் வேலை காலி.

அதற்குத்தான் இரண்டு குட்டிப் புரோகிராம்கள். ஒன்று அம்புக்குறியை ஆட்டிக்கொண்டே இருக்கும். மற்றது, எந்தப் புகார் வந்தாலும் ‘வருந்துகிறோம், உடனே கவனிக்கிறோம்’ என்று தானே பதில் போடும்.

இரண்டும் ஓசியில் இறக்கியவை. இறக்கும்போது என்னென்னவோ நிபந்தனை வந்தது. அதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறவன் மடையன் என்று எல்லாவற்றுக்கும் ‘சம்மதம்’ அமுக்கிவிட்டான்.

“பெரிய எம்.பி.ஏ. மேடம். ஒரு புள்ளிய நம்பி ஒக்காந்திருக்கு,” என்றான், மனைவி இலக்கியாவிடம்.

அவள் காலேஜில் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே போனையும் சொருகிக்கொண்டிருந்தாள்.

“அந்த டப்பாவுல என்னத்தப் பாக்கப் போற? சீரியலா?”

“இல்லைங்க, இன்னைக்கு நம்ம ஊர்ல...”

“ஒங் கதைய வந்து கேக்குறேன். சும்மாதானே இருக்க, சும்மாவே இரு. தூசி தொடைக்கிறேன்னு மவுசைத் தொட்டுடாத.”

அவளும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். அவன் கணக்கில் அதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கான படிப்பு.

விராலிமலையில் கிரிக்கெட் போட்டி. நண்பன் சந்தோஷைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் போனான். மூன்று மாதமாக இதே பிழைப்புதான். போட்டி இல்லாத நாளில் அரட்டை, அரட்டை இல்லாத நாளில் மீன்பிடி. சாயங்காலம் வந்து பார்த்தால் புகாரெல்லாம் முடிந்திருக்கும். ஊரில் ஒழுங்காக வேலை பார்க்கிற ஒவ்வொருவனையும் பார்த்தால் அவனுக்குப் பாவமாக இருந்தது.

பேட்டிங்குக்குக் காத்திருந்தபோது போன் அடித்தது. சுடர்விழி.

“அரவிந்த், எங்க இருக்கீங்க?”

“சீட்லதான் மேடம். காலைலேருந்து எந்திரிக்கவே இல்ல.”

“பின்னாடி மைக் சத்தமா கேக்குதே?”

“டிவிங்க மேடம். வீட்டுல வேற வேலை இல்ல, போட்டு விட்டுருது.”

“சரி. உங்க புள்ளி பச்சையாத்தான் இருக்கு. வேலையப் பாருங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“பாத்தியா மாப்ள,” என்று அவன் சந்தோஷைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். “இதெல்லாம் ஒரு மேடம்.”

சந்தோஷ் சிரிக்கவில்லை. “டிவின்னா சொன்ன? நம்ம ஊர்ல இன்னைக்கு மாசாந்திர ஷட்டவுன்டா. காலைலேருந்து கரண்ட் இல்லையாம். மாவு அரைக்க முடியலன்னு எங்கம்மா இப்பத்தான் பொலம்புச்சு.”

கரண்ட் இல்லையென்றால் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கும். அணைந்து கிடந்தால் புள்ளி சிவந்திருக்க வேண்டும். பச்சை என்று மேடம் சொன்னது தூண்டிலா? ஆட்டமாவது ஒன்றாவது என்று அரவிந்த் பைக்கை எடுத்தான். வழியெல்லாம் மேடத்தைத் திட்டினான், கரண்ட்டைத் திட்டினான், ஷட்டவுன் என்று ஒரு வார்த்தை சொல்லாத மனைவியைத் திட்டினான்.

வீட்டில் மின்விசிறி நின்றிருந்தது. கம்ப்யூட்டர் திரை கறுத்துக் கிடந்தது. இலக்கியா ஜன்னல் ஓரமாகப் போனை வைத்து, அதிலிருந்து நெட்டை எடுத்து, மடியில் இருந்த பழைய லேப்டாப்பில் அவன் மவுசைச் சொருகித் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் கம்பெனியின் புகார்ப் பக்கம். மேலே அவன் பெயர். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

“என்னடி இது? அந்தப் புரோகிராம் என்னாச்சு?”

“அது ஓசிக்கு அரை மணி நேரந்தாங்க ஓடும். ரெண்டுமே அப்படித்தான். நீங்க பாதி வழி போறதுக்குள்ள நின்னுபோயிரும். மொத நாளே பாத்தேன்.”

“அப்ப இத்தனை நாளா?”

“நாந்தான் பதில் போட்டேன். உங்க வேலை போயிருமேன்னு பயம்.”

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே பழைய சிரிப்பும் வந்தது. “அட, ஓசில இன்னொரு புரோகிராம் வீட்டுலயே இருந்திருக்கு. நல்லதாப் போச்சு, நீயே பாத்துக்க. மேடத்துக்கு மட்டும் தெரியக் கூடாது.”

இலக்கியா கடைசிப் பதிலை அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

“நேத்து சந்தோஷண்ணன் முன்னாடி என்னைத் தண்டச்சோறுன்னு சொன்னீங்கள்ல? அப்புறந்தான் மேடத்துக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். அவங்க நம்பல. அதான் இன்னைக்கு ஷட்டவுன்னு சொல்லி, உங்களையே கேட்டுப் பாக்கச் சொன்னேன்.”

அரவிந்த் திரையில் மேலே இருந்த தன் பெயரைப் பார்த்தான்.

“வேலைய எம் பேருக்கு மாத்தி இப்பத்தான் மெயில் வந்துச்சு,” என்றவள், அவன் அனிச்சையாகக் கையை நீட்டவும் மவுசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இனிமே இதைத் தொட்டுடாதீங்க.”