ஒட்டு விழுந்த இடம்

உயிரணு தன் ஆர்.என்.ஏ. இழையில் சில துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய வரிசையை ஓர் ஆய்வகம் தாளில் அச்சிட்டு, ஒட்டு விழுந்த இடத்தில் சின்னக் கோடு போட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும். 1997இல் வரலட்சுமி அதை ஏ, சி, ஜி, யு என்று எழுத்தெழுத்தாகக் கம்ப்யூட்டரில் அடிப்பாள். இன்னொருவர் அதையே தனியாக அடிப்பார். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும்.

அன்றைய தாளில் 1204 எழுத்துகள். அவள் அடித்ததில் 1258.

"இன்னாமா, தூங்கிகினே அடிச்சியா?" எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் ஜம்புலிங்கம் கத்தினார்.

அவள் மறுபடி அடித்தாள். கோடு இருந்த இடத்தில், வெட்டி எறிந்த துண்டு திரும்பி வந்ததுபோல, அதே ஐம்பத்து நான்கு எழுத்துகள் கூடுதலாக வந்தன. மூன்றாம் தடவையும் வந்தன.

"நாளைலேர்ந்து வராதே" என்றார்.

வரலட்சுமி நாற்காலியை எட்டித் தள்ளினாள். "மூணு வருசமா கண்ணு பூத்துப்போவ அடிச்சிகினு கீறேன். ஒரு தப்பு காட்டு சார். நீயே குந்தி அடி, பாக்கலாம்!"

அவர் உட்கார்ந்தார். ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுப் படித்தபடி அடித்தார். அவள் தாளில் விரலை ஓட்டிச் சரிபார்த்தாள். தாளில் இல்லாத எதையும் அவர் படிக்கவில்லை.

திரையில் முடிவு வந்தது: அவள் அடித்தது 1258, அவர் அடித்தது 1258. வேறுபாடு இல்லை.

"அப்ப நாளைக்கு நீயும் வராத சார்" என்றாள்.

ஜம்புலிங்கம் தன் பத்து விரல்களையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.