மானின் முன்னங்கால்

மலைக்காட்டு வீடொன்றில், வேட்டையில் கிடைத்த மானைத் தோலுரித்துக் கொல்லைமரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். வெட்டரிவாளுக்கு உள்ளுக்குள் உதறல். போன தடவை அது போட்ட போட்டில் எலும்புச் சில்லு சிதறி, பாதிக் கறி நாய்க்குப் போயிற்று. இன்னொரு தடவை அப்படி ஆனால் பரணில் எறிந்துவிடுவேன் என்று வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

பயத்தை வெளியே காட்டாமல், அரிவாள் முன்னங்காலைக் குறிவைத்து ஓங்கியது.

“அண்ணே, எதை வெட்டப்போறீங்க?” என்றது தோலுரித்த சின்னக் கத்தி. “அங்க எலும்போட எலும்பு சேரவே இல்லையே!”

“சேராமலா கால் ஒட்டிக்கிட்டு நிக்குது? போடா, பொடிப்பயலே!”

சின்னக் கத்தி சிரித்துக்கொண்டே காலுக்கும் விலாவுக்கும் நடுவே நுழைந்து, சதையை இணைத்திருந்த வெள்ளைச் சவ்வை ஒட்டித் தடவினாற்போல் போயிற்று. தோளோடு முன்னங்கால் சப்பை முழுதும் பொத்தென்று வாழையிலையில் விழுந்தது. ஒரு சில்லு இல்லை, ஒரு கிழிசல் இல்லை.

“அடேயப்பா!” என்று வாய்பிளந்தது அரிவாள். “இத்தனை வருசமா இல்லாத எலும்பு மூட்டுலயா நான் வெட்டிக்கிட்டிருந்தேன்?”

“முதுகெலும்பு என்னால ஆகாதுண்ணே. அதுக்கு நீங்கதான் வேணும்.”

அரிவாள் ஆசை ஆசையாய் ஓங்கியது. பாதியில் நின்று, மெல்லக் கேட்டது:

“எந்த இடத்துல போடணும், தம்பி?”