நாற்பத்தொரு வயது மாவு

சுற்றுலா வேனிலிருந்து ஏழாவது ஆளாக நாத்தனார் இறங்கினாள்.

ரொட்டிக்காரியின் கையிலிருந்த தட்டு ஆடவில்லை. ஆடாமல் பார்த்துக்கொள்வதில் அவள் கெட்டிக்காரி.

ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள், டிக்கெட் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக அண்ணன் கடைக்கே வந்து நிற்கிறாள். எல்லோரையும் போல அவள் கழுத்திலும் பச்சை அட்டை. காலையில் தேன் பண்ணை, அடுத்து பாலாடைக்கட்டி, அடுத்து ஆப்பிள் சாறு பிழியும் கொட்டகை என்று ஒவ்வொரு இடமாக ருசி பார்த்துவிட்டு, நான்காவதாக இந்த ரொட்டிக் கடை.

"இதோ, இன்னிக்கு நாம பார்க்கப்போற பெரிய மனுஷி!" வழிகாட்டி அலமாரியிலிருந்த கண்ணாடி ஜாடியைக் காட்டினான். "நாப்பத்தொரு வயசு மாவு. என்னைவிட மூத்தவங்க, கொஞ்சம் மரியாதையாப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

ஜாடிக்குள் இருந்த மாவுக்கு வயது பதினொரு நாள்.

மாமனார் கடை திறந்த அன்று கரைத்து வைத்த மாவு, பதினொரு நாள் முன்பு வரை உயிரோடுதான் இருந்தது. தினமும் அதில் ஒரு பங்கு எடுத்துப் பிசைந்தால்தான் மறுநாள் ரொட்டி புளித்து எழும்பும். எடுத்த அளவுக்குப் புது மாவும் தண்ணீரும் ஊட்டிவிட்டால் போதும், அதற்கு முடிவே கிடையாது. அவர் போனபின் அந்தப் பொறுப்பு மருமகளுக்கு வந்தது.

மாவு செத்ததற்கு முந்தின ராத்திரி குளிர் அதிகம். மாவு விறைத்துப்போகுமே என்று ஜாடியை அணைந்திருந்த ஓவனுக்குள் வைத்தாள். விடியற்காலையில் எழுந்து வந்து, வழக்கம்போல, ஓவனைப் போட்டாள்.

ரொட்டி எதுவும் வைக்காத ஓவனிலிருந்து ரொட்டி வாசம் வந்தபோதுதான் நினைவு வந்தது.

அன்றே புதிதாகக் கரைத்து வைத்துவிட்டாள். புருஷனுக்கு மட்டும் தெரியும். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். அதனால் வேன் வரும் நாட்களில் ஏதாவது வெளிவேலை கொடுத்து அனுப்பிவிடுகிறாள்.

வெளியூர்க்காரர்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. நாத்தனார் அப்படியல்ல. அந்த ரொட்டியைத் தின்று வளர்ந்தவள், இப்போது வேறு ஊரில் சொந்தமாக ரொட்டி சுடுகிறவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஜாடியைப் பார்க்கத்தான் வேனே இந்தத் தெருவுக்குள் திரும்புகிறது.

சொல்லிவிடுவதற்குக் காரணமும் இருந்தது. மாமனார் இறந்த வாரம், நாத்தனார் தனக்கும் ஒரு கரண்டி மாவு வேண்டும் என்று கேட்டாள். வீட்டு மாவு வீட்டை விட்டுப் போகாது என்று ரொட்டிக்காரி அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். நாத்தனார் அழவில்லை. சண்டை போடவில்லை. சிரித்தாள். சிரித்துவிட்டுப் போனவள்தான்.

அந்தச் சிரிப்பு ஏழு வருடமாகத் தொண்டையில் முள்.

ரொட்டிக்காரி ஒதுங்கிப் போகவில்லை. தட்டை நேராக நாத்தனாரிடமே முதலில் நீட்டினாள்.

நாத்தனார் ஓரத் துண்டை எடுத்தாள். முகர்ந்தாள். நடுவில் விரலால் அழுத்தி, அது மேலெழும்பும்வரை காத்திருந்தாள். வாயில் போட்டாள்.

ஒரு வாய் ரொட்டியை அவ்வளவு நேரம் மெல்ல முடியும் என்று ரொட்டிக்காரிக்கு அதுவரை தெரியாது.

"அப்படியே எங்க அப்பா கை" என்றாள் நாத்தனார்.

வழிகாட்டிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெரியவரின் மகளே வந்திருக்கிறார் என்று எல்லோரையும் கைதட்ட வைத்தான்.

ஏமாந்துவிட்டாள்! ரொட்டிக்காரி தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இவ்வளவுதானா இவள் நாக்கு?

மற்றவர்கள் ஜாடியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நாத்தனார் யாரையும் கேட்காமல் உள்ளே போனாள். பிறந்த வீடு, வழி கேட்க வேண்டியதில்லை. ரொட்டிக்காரி பின்னாலேயே ஓடினாள்.

ஓவன் கதவு திறந்திருந்தது. கம்பித் தட்டில், எவ்வளவு தேய்த்தும் போகாத கருப்பு வட்டம். ஜாடியின் அடிப்பாகம் அளவுக்கு.

"உள்ள வெச்சுட்டு மறந்து போட்டுட்டீங்களா, அண்ணி?"

ரொட்டிக்காரி அப்போதுதான் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பாவும் இதே கூத்துதான். எனக்குத் தெரிஞ்சே மூணு தடவை. வெளியில மூச்சு விட்டா தோலை உரிச்சிடுவேன்னாரு." கதவை மெல்லச் சாத்தினாள். "கடைசித் தடவை உங்க கல்யாணத்துக்கு முந்தின மாசம்."

வெளியே ஹாரன் அடித்தது. நாத்தனார் கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரொட்டிக்காரி முன்பக்கம் வந்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சின்ன ஜாடியை எடுத்தாள். பெரிய ஜாடியிலிருந்து அதில் ஒரு கரண்டி மாவு போட்டாள். யோசித்து, இன்னொரு கரண்டி.

நகரத் தொடங்கிய வேனைத் தட்டி நிறுத்தி, ஜன்னல் வழியாக நீட்டினாள். நாத்தனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, நிஜமாகவே அவ்வளவு வருஷத்து மாவா என்று கேட்டார்.

"ஒரு நாள்கூடக் குறையாது" என்றாள் நாத்தனார்.

காதுகூடச் சிவக்கவில்லை.