சிறுவாச்சூருக்குப் போன வண்டி

யுத்தம் முடிந்த வருஷத்து ஐப்பசி. குரும்பலூர் கொளஞ்சியப்பன் வண்டி பூட்டும்போதே அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எங்கடா, பொண்டாட்டியோட?"

புது மனைவி தையல்நாயகி செந்துறைக்காரி. அருவியையே பார்த்ததில்லை. லாடபுரம் மயிலூற்றில் தண்ணீர் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒரே நச்சரிப்பு. அதை அம்மாவிடம் சொன்னால் வண்டி வாசலைத் தாண்டாது.

"சிறுவாச்சூர் காளியம்மன் கோயிலுக்கும்மா," என்றான், வாய்க்கு வந்தபடி.

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு துணிமூட்டையோடு வந்தாள். "பூசை சாமான். போற எடத்துலதான் பிரிக்கணும்."

மலைக்காட்டுக்குள் அருவி இரைந்து விழுந்தது. ஓரமாக நின்று பார்த்தால் போதும் என்று சொல்லி வந்த தையல்நாயகி, நேராகப் போய் அதனடியில் நின்றுகொண்டாள். அவனும் போனான்.

கரையேறியபோதுதான் அவளுக்குப் பகீரென்றது. "ஈரப் புடவையோட போனா அத்தை கேப்பாங்களே."

"மொதல்ல தேங்காய ஒடச்சுத் தின்னுவோம்," என்று அவன் மூட்டையைப் பிரித்தான்.

தேங்காய் இல்லை. அவளுக்கு மாற்றுப் புடவை, ரவிக்கை. அவனுக்கு வேட்டி. தலை துவட்டத் துண்டு, இருவருக்கும் புளிச்சோறு.

"அத்தைக்கு எப்படிங்க தெரிஞ்சுச்சு?"

கொளஞ்சியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னிக்குப் புதன்கெழம. திங்களும் வெள்ளியும் விட்டா அந்தக் கோயில்ல நடையே தொறக்க மாட்டாங்க."

தையல்நாயகி சற்று யோசித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி அருவியை நோக்கி நடந்தாள்.

"அப்ப நீங்க சாப்பிடுங்க. நான் இன்னொரு தடவ நனைஞ்சுட்டு வரேன்."