லேசான காயம்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துச் சுவரில் இருந்த டிவியில் அந்தக் கபடி மைதானத்தைத் திரும்பவும் காட்டினார்கள்.

சரிந்து கிடந்த கேலரி. சிதறிக் கிடந்த செருப்புகள். அப்புறம் ஒரு சோப்பு விளம்பரம்.

மிக்கேல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எங்கோ முன்பின் தெரியாத ஊரில் நடந்ததைப் பார்ப்பதுபோல இருந்தது.

போட்டியை நடத்திய கமிட்டித் தலைவர் திரையில் வந்தார். கழுத்து மாலையை இன்னும் கழற்றவில்லை. ரசிகர்கள் ஆர்வமிகுதியில் அளவுக்கு மேல் ஏறிவிட்டார்கள் என்றார்.

மற்ற நாளாக இருந்தால் மிக்கேல் அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பான்.

சொந்த ஊரான தேவாரத்தில், டீக்கடையில் அவன் வாய்க்குப் பயந்தே சேனலை மாற்றுவார்கள். ஒரு நாளும் கோட்டைத் தாண்டிக் கபடி பாடிப் போகாதவனெல்லாம் கபடிக்குத் தலைவர் என்பான். டீமை எடுப்பது மைதானத்தில் இல்லை, கட்சி ஆபீசில் என்பான். டிவியில் கத்திச் சண்டை போடுகிறவர்கள், விளக்கை அணைத்ததும் ஒன்றாக உட்கார்ந்து பிரியாணி தின்பார்கள் என்பான். கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்தால்கூட, எதை மறைக்க இந்தக் கொண்டாட்டம் என்று கேட்பான்.

ஆனால் ஒரு மேட்சையும் விடமாட்டான்.

டீக்கடையின் எதிர்ப் பெஞ்சில் அப்துல் காதர் உட்கார்ந்து சிரிப்பான். வாழைக்காய் வியாபாரி. டிவியில் சொன்னதை அப்படியே நம்புகிறவன். இரண்டு பேரும் பள்ளிக்கூட டீமில் சேர்ந்து ஆடியவர்கள். சில நாள் வாக்குவாதம் காதர் வீடுவரைக்கும் நீளும். அங்கே அவன் மனைவி அம்சத் பீவி சோற்றைப் போட்டு இருவர் வாயையும் அடைப்பாள்.

இன்று மத்தியானமும் அதே வாக்குவாதம்தான்.

மந்திரியோடு வரும் கூட்டத்துக்காகக் கடைசி நேரத்தில் கேலரியில் இன்னொரு தட்டு ஏற்றியிருந்தார்கள். சவுக்குக் கம்பு, கயிறு, மேலே பலகை.

"இதுக்குப் பேரு கேலரியா? நான் ஏற மாட்டேன் மாப்ளே."

"ஒனக்கு எதுலதான் நொட்டை இல்ல! மேல நின்னாத்தான்டா ஆட்டம் தெரியும்," என்று காதர் ஏறிப் போனான்.

மிக்கேல் தரையிலேயே நின்றுகொண்டான். அதனால் அவன்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

திரையின் அடியில் எழுத்துகள் ஓடின. சிலருக்கு லேசான காயம். அனைவரும் நலம். சிறு தடங்கலுக்குப் பின் இறுதிப்போட்டி சிறப்பாக நடந்தது.

கோபம் வரும் என்று மிக்கேல் காத்திருந்தான். வரவில்லை. யாரை முதலில் திட்டுவது என்றுகூடத் தோன்றவில்லை.

வாசலில் அம்சத் பீவி தெரிந்தாள்.

ஒரு கையில் பிளாஸ்க். மறு கையில் வெளுத்து மடித்த கைலி. அவனைக் கண்டதும் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"டிவியில லேசான காயந்தான்னு சொன்னாகண்ணே. நெசந்தானா? இவுகள எங்கன படுக்க வச்சிருக்காக?"

மிக்கேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தான்.

"டிவியில சொன்னாச் சரியாத்தான் இருக்கும். உக்காரு தங்கச்சி."

அவளுக்கு மூச்சு வந்தது.

"நீங்களே சொல்றீக. அப்பச் சரிதான்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். கைலியை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் எழுந்து வந்து குடிக்கட்டும், அதுவரை நீங்கள் குடியுங்கள் என்று பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி நீட்டினாள்.

மிக்கேல் வாங்கிக்கொண்டான். டீயை ஏந்திய கையையே பார்த்தான்.

வரும் வழியில், ஆம்புலன்ஸ் போடி ஊரைத் தாண்டும்போது, காதரின் கண்களை மூடியதும் அதே கைதான்.