மாப்பிள்ளைக்குத் தரம்

“இந்த மாப்பிள்ளையும் வாணாம் வாப்பா. தோள்ல சதையே இல்ல,” என்றான் முன்ஸிப்.

பகல் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்த வாப்பா லத்தீப் சிரித்தார். “ஜெர்மன் கம்பனிக்கு வீட்டுல இருந்தே ஆட்டிறைச்சித் தரப் பட்டியல் மொழிபெயர்த்து, இப்ப மாப்பிள்ளைக்கும் தரம் போடுறியா?”

கதவுக்குப் பின்னால் தங்கை ஆதிலாவுக்கு அழுகை முட்டியது. மாப்பிள்ளை ஹல்துமுல்லையில் வாத்தியார். அவள் பாதியில் விட்ட படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு தொடரலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“இது மூணாவது சம்பந்தம்டா,” என்றாள் உம்மா.

“தங்கச்சிக்கு என்ன அவசரம்? ராணி மாதிரி நான் பாத்துக்குறேன்.”

“தங்கச்சிய இப்படித் தாங்குற நானா யாருக்குக் கிடைப்பான்!” உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுப்புச் சொல்ல வாப்பா போனை எடுத்தார்.

முன்ஸிப் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். ஆங்கிலத் தாள்களை ஆதிலாவின் மடியில் வைத்தான்.

“கொழுப்பு அளவு, தொடைச் சதை, வயசு எல்லாம் இதுல இருக்கு. நாலு மணிக்குள்ள ஜெர்மன்ல எழுதிக் குடு புள்ள. நான் ஜெர்மன் வகுப்ப விட்டாலும், என் புத்தகத்த நீ விடாமப் படிச்சது நல்லதாப் போச்சு.”

அவள் பேனாவை எடுத்தாள்.

“கம்பனிக்காரனுக்கு என் வேல ரொம்பப் புடிச்சிருக்கு. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுட்டான்.”